அம்மிணிக்குப் பொட்டு வைத்தவர்

பொட்டு அண்ணனைப் போலக் கவலைப்படுகிற மனிதர் சேலம் ஜில்லாவில் அவருக்கு முன்பு பிறந்ததில்லை, இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. பஸ் தாமதமாக வந்தால் நாமெல்லாம் கவலைப்படுவோம். அவர் பஸ் சரியான நேரத்துக்கு வந்தால் கவலைப்படுவார். "இப்படி வராதுங்களே சாமி, என்னமோ ஆயிருக்குது" என்று டிரைவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, அந்த பஸ்ஸை அனுப்பிவிட்டு அடுத்ததில் வருவார்.

எண்பதுகளில் ஓமலூருக்கும் எடப்பாடிக்கும் நடுவே ஒரு சர்க்கரை மில்லில் நானும் அவரும் ஒரே அறையில் எட்டு வருஷம் குப்பை கொட்டினோம். மூன்றாவதாக ஒரு கம்ப்யூட்டரும் எங்களோடு இருந்தது. 'மினி கம்ப்யூட்டர்' என்று பெயர். மினி என்றதும் கைக்கு அடக்கமாக எதையோ நினைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று பீரோக்களை ஒட்டி நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவு. ஆனால் அதன் ஞாபகசக்தி கொஞ்சம்தான். இன்று நம் சொந்தக்காரர்கள் போனில் அனுப்புகிற ஒரு காலை வணக்கப் படத்தை அதற்கு அனுப்பியிருந்தால் மூச்சுமுட்டிச் செத்திருக்கும். பெங்களூரில் ஒரு கம்பெனி பல வருஷம் உழைக்கவிட்டுக் கழித்துப்போட்டதை எங்கள் மில் வாங்கியது. லாரியில் அது வந்து இறங்கியபோது, மாட்டிக் கொடுத்துவிட்டுப் போக நாலு நாள் வேலையாக, ஒரு தகரப்பெட்டியோடு கூடவே இறங்கியவர்தான் அண்ணன். சொந்த ஊர் சேலம் அம்மாபேட்டை.

நாலாம் நாள் மெஷின் ஓடியது. "ஓடுதுங்க. ஆனா நான் போனதுக்கப்புறம் நின்னுட்டா?" என்று கேட்டு ஐந்தாம் நாளும் இருந்தார். ஆறாம் நாளும் அதே கேள்வி. அப்படியே தங்கிவிட்டார்.

அந்த மெஷினுக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். மில்லுக்குக் கரும்பு போடுகிற விவசாயி தன் இஷ்டத்துக்கு வெட்டிவிட முடியாது. மில் அவருக்கு 'வெட்டு ஆர்டர்' கொடுக்க வேண்டும். யார் எப்போது நட்டார், என்ன ரகம், எத்தனை மாசம் ஆச்சு என்று பார்த்து, இந்த வாரம் இன்ன இன்ன காடுகள் என்று லிஸ்ட் போட வேண்டும். ஆர்டர் பிந்தினால் கரும்பு பூத்து, உள்ளே சக்கையாகிக் காய்ந்துபோகும். பதினோரு மாசம் தண்ணீர் கட்டியவன் வயிறு எரியும். அதனால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு லிஸ்ட் வெளியே வந்தாக வேண்டும். அதை ஊர் ஊராகக் கொண்டுபோக வாசலில் ஃபீல்டுமேன்கள் சைக்கிளும் மோட்டார் சைக்கிளுமாகக் காத்து நிற்பார்கள்.

முதல் வாரமே எம்.டி. அறைக்குள் வந்து சொல்லிவிட்டுப் போனார்: "ஒரே ஒரு திங்கக்கிழமை லிஸ்ட் வரலைன்னாலும் இதைக் காயலான் கடைக்குத் தூக்கிருவேன்." லிஸ்டின் கீழே கையெழுத்துப் போடுகிறவன் நான். திங்கட்கிழமை காலையில் நானே பேனாவை மூன்று தடவை திறந்து மூடுவேன். அண்ணனுக்கோ ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே சோறு இறங்காது.

மெஷினுக்கு 'அம்மிணி' என்று பெயர் வைத்தவர் எங்கள் பியூன் மாரப்பன். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கிறது என்று எட்டு வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தவர். வாரம் ஒருமுறை மெஷின் படுத்துக்கொள்ளும். "அம்மிணிக்கு இன்னைக்கு மேலுக்குச் சொகமில்லீங்ளாட்ட இருக்குது" என்பார். அண்ணனும் உடனே ஓடிப்போய்ப் பீரோவின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல் அடிக்கிறதா என்று.

அந்த அறையில் 'நல்லா ஓடுது' என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அண்ணன் முகம் வெளுத்துவிடும். எம்.டி.யே வந்து "என்னப்பா, மெஷின் நல்லா ஓடுதா?" என்று கேட்டாலும், "இருக்குதுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஒருமுறை புதிதாக வந்த என்ஜினீயர் ஒருவர், "பழசானாலும் ஜம்முனு ஓடுதே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அன்று மாலை பிரின்டர் நின்றது. அதற்குப் பிறகு அவரைக் கண்டால் அண்ணன் கதவைச் சாத்திக்கொள்வார்.

இன்னொரு சட்டமும் உண்டு. லிஸ்ட் ஓடும்போது மாரப்பன் மூன்றாவது வரிசையில் ஒரு குறிப்பிட்ட தரைக்கல்லின் மேல்தான் நிற்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை அவர் அங்கே நின்றபோது ஓடியதாம், டீ வாங்கப் போனபோது நின்றுவிட்டதாம். "மூட நம்பிக்கைங்க அண்ணா" என்றேன். "இருக்கட்டும் சாமி. நம்பிக்கையில்லாம நின்னாலும் போதும், நின்னாச் சரி" என்றார். மாரப்பனும் வாரா வாரம் ஒரு மணி நேரம் ஜவான் மாதிரி அந்தக் கல்லில் நிற்பார்.

பொட்டு என்ற பெயர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்து புரோகிராம் ஒரு நீளக் காகித நாடாவில் இருக்கும். நாடாவில் ஓட்டை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். நாம் எழுதுவதை இப்படி மெஷினின் பாஷைக்கு மாற்றிக் கொடுக்கக் 'கம்பைலர்' என்று ஒன்று உண்டு. அதுவும் நாடாதான், மூன்று சுருள். மில் எலிகளுக்குச் சர்க்கரை சலித்துவிட்டது போலும், மூன்றாவது சுருளில் இரண்டு முழத்தைத் தின்றுவிட்டன. வேறு சுருள் கேட்டுப் பெங்களூருக்கு எழுதினோம். அந்த மெஷின் இன்னுமா ஓடுகிறது என்று ஆச்சரியப்பட்டுப் பதில் வந்தது. சுருள் வரவில்லை.

அன்றிலிருந்து அண்ணனே கம்பைலர். புரோகிராமில் எதை மாற்ற வேண்டுமென்றாலும் கையாலேயே ஒட்டுப்போடுவார். அவருடைய அப்பா அம்மாபேட்டையில் சேலைக் கரை டிசைனுக்காகத் தறி அட்டைகளில் ஓட்டை அடித்தவர் என்பதால், ஓட்டைகளை விரலால் தடவியே படித்துவிடுவார். புதிதாக ஓட்டை வேண்டுமானால் கைப் பஞ்ச் மெஷினால் ஒரு குத்து. வேண்டாத ஓட்டையை அடைப்பதுதான் பெரும்பாடு. கோந்து வைத்துக் காகிதம் ஒட்டினார், எறும்பு வந்தது. கரன்ட் டேப்பை வெட்டி ஒட்டினார், வெயிலுக்கு இளகி நாடா சுருளோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் கண்டுபிடித்ததுதான் ஸ்டிக்கர் பொட்டு. கறுப்பு, வட்டம், இருப்பதிலேயே சின்ன சைஸ்.

நாற்பது வயதான, கல்யாணம் ஆகாத மனிதர் வாரா வாரம் ஃபேன்சி ஸ்டோருக்குப் போய்ப் பொட்டு வாங்கினால் ஊர் சும்மா இருக்குமா? கடைக்காரம்மா ஒருநாள் கேட்டே விட்டார்.

"யாருக்குங்க இத்தனை பொட்டு?"

"அம்மிணிக்குங்க."

"எந்த அம்மிணிங்க?"

"நம்ம மில்லுல இருக்கறவங்கதானுங்க. இது இல்லீன்னா எந்திரிக்கவே மாட்டாங்க."

அவ்வளவுதான். பத்து நாளில் சேதி அம்மாபேட்டைக்கே போய்விட்டது. அவருடைய அம்மா தட்டில் பூ, பழம், வெற்றிலை பாக்கோடு மில் வாசலில் வந்து இறங்கினார். "எங்கே என்ற மருமவ?" என்று கேட்டவரை மாரப்பன் நேராக உள்ளே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த அம்மா மூன்று பீரோக்களையும் மேலும் கீழும் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "இவளை ஊட்டுக்கும் கூட்டிட்டு வர முடியாதாட்டமிருக்குது" என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த மல்லிகையை வீணாக்க மனமில்லாமல் மெஷின் தலையிலேயே வைத்துவிட்டுப் போனார். பூவிலிருந்து தண்ணீர் சொட்டினால் என்ன ஆவது என்று அண்ணன் அன்றைக்கெல்லாம் துண்டும் கையுமாக நின்றார்.

அம்மிணியோடு பழகிப் பழகி அவருடைய எண்ணிக்கையே மாறிப்போயிருந்தது. மெஷினின் முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகள் இருக்கும். காலையில் அவற்றை மேலும் கீழும் தட்டி, எண் எண்ணாகச் சொல்லித்தான் அதை எழுப்ப வேண்டும். அந்தக் கணக்கில் எட்டு, ஒன்பது என்ற எண்களே கிடையாது. ஏழுக்கு அடுத்தது பத்து. அண்ணன் வெளியிலும் அப்படியே எண்ண ஆரம்பித்துவிட்டார். என் கல்யாணத்தில், முதல் பந்திக்கு எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்லும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது என் புத்தி. "நூறு பேருங்க" என்றார். நூறு இலை போட்டுப் பரிமாறியாயிற்று. உட்கார்ந்தவர்கள் அறுபத்துநாலு பேர். அவர் கணக்கில் அதுதான் நூறு. பரிமாறிய இலை ஆளில்லாமல் கிடக்கக் கூடாது என்று என் மாமனார் ரோட்டுக்கு ஓடிப்போய், பஸ்ஸுக்கு நின்றவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தார். அதில் ஒருவர் எங்கள் கல்யாண போட்டோவில் இருக்கிறார். இன்றுவரை யார் என்று தெரியாது.

சிரிப்பெல்லாம் இருக்கட்டும். அந்தப் பொட்டுகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதுதான் பின்னால் வினையாயிற்று.

எட்டாவது வருஷம், டி.வி. பெட்டி சைஸில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. கூடவே கோயமுத்தூரிலிருந்து டை கட்டிய ஒரு தம்பி வந்து, நட்ட தேதியையும் ரகத்தையும் வைத்துப் புது புரோகிராம் எழுதினார். ஒரு மணி நேர லிஸ்ட் நாலு நிமிஷத்தில் வந்தது. அம்மிணியைக் குடோனுக்குத் தள்ளச் சொன்னார் எம்.டி. தள்ள வந்த ஆட்கள் வயர்களைக் கழற்றப் பொறுமையில்லாமல் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்தார்கள். தரைக்கல்லைப் பெயர்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. மாரப்பன் நின்ற கல்லுக்கு அடியில் ஒரு கேபிள் லூசாக இருந்தது. அவர் ஏறி நின்றால்தான் அழுந்தித் தொட்டிருக்கிறது. மூட நம்பிக்கை என்ற நானே அதை அண்ணனுக்குக் காட்டினேன். அவர் ஒரு தரம் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வெட்டிய வயர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசி மாசம் வரை புது லிஸ்ட் ஒழுங்காக வந்தது. ஒரு திங்கட்கிழமை கல்லாங்காட்டுப்புதூருக்கு ஆர்டர் போனது. மறுநாள் காலையில் அந்தப் பக்கத்து ஃபீல்டுமேன் சென்னியப்பன் மோட்டார் சைக்கிளை நிறுத்தக்கூட நேரமில்லாமல் உள்ளே வந்தார்.

"ஏனுங்க, உங்களுக்கென்ன கிறுக்குப் புடிச்சுருச்சுங்களா? அங்க மாரியாத்தாளுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டிருக்குது. நோம்பி முடியாம பச்சையா நிக்கறதுல ஒருத்தனாவது அருவாளப் போடுவானுங்களா? எட்டு வருசமா நோம்பி வாரத்துல அந்த ஊருக்கு ஆர்டர் வந்ததே இல்லீங்களே!"

அவர் முடிப்பதற்குள் இன்னொரு சேதி வந்தது. பெரியகாட்டு அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே நாளில் ஆர்டர் போயிருக்கிறது. இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, வண்டித்தடமோ ஒன்றே ஒன்று. எதிரும் புதிருமாக இரண்டு டிராக்டர் தடத்தில் நிற்கிறது, எவரும் பின்னால் எடுக்கமாட்டேன் என்கிறார்கள். பின்னால் பதினாறு வண்டி. மில் யார்டில் கரும்பே இல்லை. அரவை எந்த நேரமும் நிற்கலாம். வெட்டிய கரும்பு தடத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

கோயமுத்தூர் தம்பி பாவம், தேதியெல்லாம் சரிதான் என்று திரும்பத் திரும்பக் காட்டினார். தேதி சரிதான். ஃபீல்டுமேன்கள் டீக்கடையில் போகிற போக்கில் சொல்வதை எல்லாம் அண்ணன் கேட்டுக் கவலைப்பட்டு, வந்து ஒரு பொட்டு வைத்திருக்கிறார். எந்த ஊரில் எப்போது நோம்பி, யாருக்கும் யாருக்கும் ஆகாது, எந்தப் பள்ளத்தில் எந்த மாசம் தண்ணீர் வரும் எல்லாம் அந்த நாடாவில்தான் இருந்தது. காகிதத்தில் எங்கும் இல்லை.

"எழுதி வெச்சிருக்கக் கூடாதாய்யா?" என்று கத்தினார் எம்.டி.

"எழுதி வெச்சா யாராச்சும் படிச்சுப்போட்டு மாத்திருவாங்கன்னு பயமுங்க."

"ஞாபகம் இருக்கறதைச் சொல்லு."

"எட்டு வருசத்துப் பொட்டுங்க. வெச்ச எனக்கே பாதி தெரியாதுங்க. அம்மிணிக்குத்தான் தெரியும்."

அம்மிணியோ குடோனில் நரம்பெல்லாம் அறுபட்டுக் கிடந்தது. வருகிற திங்கட்கிழமை மத்தியானம் காயலான் கடை லாரி வருவதாக இருந்தது. எம்.டி. தலையில் கையை வைத்துக்கொண்டார். "திங்கக்கிழமை காலைல சரியான லிஸ்ட் வேணும். வரலைன்னா அந்த ரூமைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போங்க" என்றார். ரெண்டு பேர் என்றதில் நானும் இருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மனைவி அப்போது ஏழு மாசம்.

அண்ணன் தன் தகரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே நீள நோட்டுகளாக ஏழு நோட்டு. முதல் நோட்டின் அட்டையில், 'அம்மிணி செத்துப்போனால்' என்று எழுதியிருந்தது. ஒருநாள் அது செத்துப்போகும் என்று வந்த முதல் வருஷத்திலிருந்தே கவலைப்பட்டிருக்கிறார். அதனால், அம்மிணி என்னென்ன செய்யுமோ அதை எல்லாம் வேறொரு மெஷின் அப்படியே நடித்துக் காட்ட ஒரு புரோகிராமைக் காகிதத்திலேயே எழுதிவைத்திருந்தார். இதற்கு 'எமுலேட்டர்' என்று பெயர் இருப்பதாகக் கோயமுத்தூர் தம்பி சொன்னார். அண்ணனுக்கு அந்தப் பெயர் தெரியாது.

ஐந்து நாள் தட்டினோம். அண்ணன் வாசிக்க, தம்பி அடிக்க, நான் சரிபார்க்க. தம்பியின் டை இரண்டாம் நாளே கழன்றது. அம்மிணியின் நாடா படிக்கிற பெட்டியை மட்டும் கொண்டுவந்து புதியதோடு மாட்டினோம். ஞாயிற்றுக்கிழமை காலை நாடாவை ஓட்டினோம். பொட்டெல்லாம் படபடவென்று உள்ளே போனது. லிஸ்ட் வந்தது.

முதல் வரியில் கல்லாங்காட்டுப்புதூர்.

தம்பி அம்மிணியோடு வந்த கம்பெனிப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூட்டல் சரி, கழித்தல் சரி, எல்லாம் புத்தகத்தில் இருக்கிறபடியே. அண்ணன் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். மாரப்பன் கொடுத்த டீ அவர் கையிலேயே ஆறியது. ரொம்ப நேரம் கழித்து எழுந்து வந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் சாமி. நான் நல்ல மெஷினாச் செஞ்சுபோட்டேன். நம்ம அம்மிணி நல்ல மெஷின் இல்லீங்களே."

அப்புறம்தான் விளங்கியது. அம்மிணிக்குப் பெரிய எண்களைக் கூட்டும்போது ஒன்றை விழுங்கிவிடுகிற வியாதி உண்டு. அதைச் சரிக்கட்ட அண்ணன் தன் ஒட்டுகளில் எல்லாம் ஒன்று கூட்டி வைத்திருந்தார். புது மெஷின் எதையும் விழுங்கவில்லை. வாரக் கணக்கில் அந்த ஒன்று கூடி, எல்லாம் ஒரு வாரம் தள்ளிப்போய் விழுந்திருக்கிறது. அன்று மத்தியானம் முழுக்க அவர் செய்த வேலை, ஆரோக்கியமாக இருந்த ஒரு கம்ப்யூட்டருக்கு அம்மிணியின் நோய்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்ததுதான். இதை விழுங்கு, அங்கே தடுக்கு, இந்தச் சூட்டில் இதை மற என்று. தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. "படிச்சதுக்கு நேர்மாறா இருக்குதுங்க" என்றார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை. ஓட்டுவதற்கு முன் அண்ணன் மாரப்பனைப் பார்த்தார். மாரப்பன் பழைய கல் இருந்த இடத்தில் போய் நின்றார்.

"அண்ணா, கேபிள்தான் இப்ப இல்லீங்களே" என்றேன்.

"தெரியும் சாமி. நின்னுக்கட்டும்."

எம்.டி. உள்பட யாரும் ஆட்சேபிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் வழக்கமாக நிற்கிற மூலைக்குப் போய் நின்றுகொண்டேன்.

லிஸ்ட் வந்தது. சென்னியப்பன் அதை வாங்கி விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். கல்லாங்காட்டுப்புதூர் இல்லை. பெரியகாட்டு அண்ணனின் மீதிக் கரும்புக்குச் செவ்வாய், தம்பிக்குச் சனி. கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இதுதானுங்க நம்ம லிஸ்ட்டு" என்றார். எம்.டி. "பரவாயில்லையே, நல்லா..." என்று ஆரம்பித்தார். நாங்கள் நாலு பேரும் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

மத்தியானம் காயலான் கடை லாரி வந்தது. மூன்று பீரோக்களையும் ஏற்றினார்கள். அண்ணன் கிட்டே போய்ப் புறங்கையை ஒருமுறை வைத்துப் பார்த்தார். அப்புறம் குவார்ட்டர்ஸுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் அந்தத் தகரப்பெட்டி இருந்தது.

"எங்கீங்கண்ணா?"

"நாலு நாள் வேலைன்னு வந்ததுங்க. முடிஞ்சுருச்சுல்ல. லாரி சேலம் வழியாத்தான் போவுதாம்."

எட்டு வருஷம் அவரைக் கேலி செய்தே பிழைப்பை ஓட்டியவன் நான். அந்த நிமிஷம் அவர் பெட்டியின் ஒரு பக்கத்தை நானும் பிடித்துக்கொண்டேன். இருங்கள் என்று சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? லாரிக்காரர் ஸ்டார்ட் செய்துவிட்டார். என் வாயில் வந்தது ஒன்றுதான்.

"சரிங்கண்ணா, போங்க. ஆனா நீங்க போனதுக்கப்புறம் இது நின்னுட்டா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். அறையைப் பார்த்தார். முகத்தில் அந்தப் பழைய கவலை மெல்ல ஏறியது. பெட்டியைக் கீழே வைத்தார். நேராக உள்ளே போய், புதுக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில், குழந்தைக்குக் கன்னத்தில் வைப்பது போல ஒரு கறுப்புப் பொட்டை எடுத்து ஒட்டினார். லாரி அவர் இல்லாமல் போனது.

ரிட்டயர் ஆகும்வரை அந்த அறையில்தான் இருந்தார். இப்போது அம்மாபேட்டையில் தங்கை வீட்டில். போன வாரம்கூடப் போனில் பேசினோம். என் பேத்திக்குக் காய்ச்சல் என்று என்றைக்கோ நான் சொன்னதற்கு, இன்னும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறார் என்று மில் காலத்து நண்பர்கள் என்னிடம் விசாரிக்கிறார்கள். 'நல்லா' என்ற வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. இருக்கிறார்.